வலியைக் கொண்டாடிய வீடு

இதில் எது முதலில் நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏரி நிறைந்து கலங்கல் வழியே உபரித் தண்ணீர் வழிந்ததையும் அம்முலு வரப்பில் ஓடி வந்ததையும் என் நினைவில் நான் ஒரே காலையில்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த வருடம் ஏரி கார்த்திகையிலேயே வழிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அவளுக்குக் கை வலித்தது மார்கழியில். நடுவில் இருந்த நாட்களைப் பனி எங்கோ கொண்டுபோய்விட்டது போலிருக்கிறது. நான் சொல்வதில் கிழமை பிசகலாம், யார் எங்கே நின்றார்கள் என்பது பிசகலாம். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அம்முலு என் மனைவி. சாலவாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்குக் கீழே எங்கள் ஊர். எங்களுக்கென்று நிலம் கிடையாது. அவள் நடவுக்கும் களைக்கும் போவாள். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டே போய், படித்துக்கொண்டே திரும்பி வருவேன். வீட்டிலும் அதிகம் பேசமாட்டேன். "உன்கூட குடித்தனம் பண்றதுக்குக் காலி சர்ச்சுல உக்காந்துக்கினு இருக்கலாம்யா. அங்கயாவது எதிரொலி வரும்" என்பாள்.

வியாதி தெரியவந்தது ஒரு சோற்றுப் பானையால். அம்முலு கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். வலது கையின் ஓரத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, கொதிக்கும் கஞ்சி வழிந்தது. அவள் பக்கத்து வீட்டு ஜெயம்மாளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். தோல் வெள்ளையாகிக் கொப்புளம் எழும்புவதை நான் பார்த்தேன். அவள் பேச்சை நிறுத்தவில்லை. நான் எழுந்து அவள் கையைப் பிடித்தபோது, "இன்னாய்யா திடீர்னு ஆசை?" என்று கேட்டாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

முன்கையில் வெற்றிலை அளவுக்கு வெளிறிய படை ஒன்று ரொம்ப நாளாகவே இருந்தது. தேமல் என்று நினைத்திருந்தோம். கிராம நர்ஸ் கல்பனா அதைப் பார்த்துவிட்டு எங்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் பஞ்சால் தொட்டார், பேனா முனையால் தொட்டார், கண்ணை மூடச் சொல்லிக் கேட்டார். தொழுநோய் என்றார். குணமாகிவிடும், மாத்திரை இலவசம், மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பரவாது என்றும் சொன்னார். கல்பனா வெளியே வந்து, கை வலித்தாலோ படை வீங்கினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வரவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அம்முலு தலையாட்டினாள். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்தவள் வழியெல்லாம் பேசவில்லை. எங்கள் இருவரில் அவள் மௌனமாக இருந்த பயணம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும், "யாருக்கும் தெரியக் கூடாது" என்றாள். அவள் தங்கை ஜெனிஃபருக்கு மட்டும் சொன்னோம்.

மாத்திரை தின்ன ஆரம்பித்த வாரத்தில் அவள் ஒரு பொருத்தனை செய்துகொண்டாள். கையில் உணர்ச்சி திரும்பி வந்தால், தை கடைசியில் வரும் அறுப்பின் பண்டிகை அன்று சபைக்கு முன்னால் நின்று அந்த வியாதியின் பெயரைத் தன் வாயால் சொல்லிச் சாட்சி சொல்வதாக. எங்கள் சபையில் அது வழக்கம். நெல்லும் பூசணிக்காயும் கோழியும் காணிக்கையாக வந்து குவியும் அந்த நாளில், அந்த வருடம் நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். பெற்ற பிறகுதான் சொல்வார்கள். வேலை கிடைக்கும் என்று யாரும் சாட்சி சொன்னதில்லை, கிடைத்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் யாரும் உச்சரிக்காத ஒரு பெயரை அங்கே உச்சரிக்க அவள் எத்தனை தூரம் தன்னைத் தயார்ப்படுத்தியிருப்பாள் என்று நான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போவேன்.

அந்தக் காலை எனக்கு விடுமுறை. ராணியம்மாள் கழனியில் நாற்று பறிக்கப் போயிருந்தாள் அம்முலு. வெயில் ஏறியும் பனி விலகவில்லை. வரப்பு எது, தண்ணீர் எது என்று தெரியாத வெண்மை. அதற்குள்ளிருந்து முதலில் அவள் சிரிப்புதான் வந்தது. பிறகு, சேறு படிந்த கால்கள். பிறகு அவள்.

"வலிக்குதுய்யா!"

நான் புத்தகத்தை மூடினேன்.

"முட்டிலேர்ந்து சுண்டு வெரலு வரைக்கும் கரண்ட்டு மாரி ஓடுதுய்யா. நாத்து முடிய தண்ணில அலசினேன் பாரு, சுரீர்னு வந்துச்சு. எங்க, கிள்ளு."

கிள்ளினேன்.

"அங்க இல்ல, இங்க. இன்னும் நல்லா. ஆ! கட்டையில போறவனே, மெதுவா!" என்று கத்திவிட்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று அவள் கேசரி கிளறித் தெருவெல்லாம் கொடுத்தாள். ஜெயம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடி விசேஷம்? மாசமா கீறியா?"

"போக்கா. இந்த வயசுலயா?"

"பின்ன இன்னாத்துக்கு இவ்ளோ நெய்யி?"

"பண்டிகல சொல்றேன், துன்னு."

அடுத்த நாட்களில் படை சிவந்து தடித்தது. "பாரு, ரத்தம் ஓட ஆரம்பிச்சிட்ச்சு" என்று காட்டினாள். முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு போலத் திரண்டிருந்தது. தொட்டால் அலறினாள், அலறிவிட்டுத் தோத்திரம் சொன்னாள். கல்பனா சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"வலிச்சா வான்னு சொன்னாங்க. கெட்ட வலிக்குச் சொன்னாங்க. இது நல்ல வலிய்யா. குடுத்தவரு மொகத்துக்கு நேரா, இது இன்னா வலின்னு டாக்டர்கிட்ட போய்க் கேட்டா, நானே நம்பலன்னுதான அர்த்தம்? பண்டிக முடியட்டும்."

அந்த வாரம் பஸ்ஸில் புத்தகம் மடியிலேயே கிடந்தது. கண்ணை மூடினால், பாளம் பாளமாக வெடித்த ஒரு நிலத்தில் தண்ணீர் மெல்ல வழி தேடிப் போவது தெரியும். யாரும் மடை திறக்கவில்லை. அதுவே ஒவ்வொரு வெடிப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஒரு கணம் நின்று, பிறகு திரும்பிப் போகும். விழித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே வெறும் பனியும், அதில் தலையற்று நகரும் லாரிகளும் இருக்கும். அம்முலுவின் கைக்குள் இதுதான் நடக்கிறது என்று நான் நம்பினேன். நம்புவதற்கு அது அழகாக இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஜெனிஃபர் வந்தாள். சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி. அடைகாக்க வைத்த கோழி முட்டையின் ஓட்டில் ஜன்னல் போல வெட்டித் திறந்து, உள்ளே குஞ்சுக்கு நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஊரில் அவளுக்கு முட்டைக்காரி என்று பெயர்.

சனிக்கிழமை மத்தியானம் மூவரும் ஏரிக்கரைமேல் நடந்தோம். தண்ணீர் அசையவில்லை. நடுவில் கருவேல மரங்கள் கழுத்தளவு மூழ்கி நின்றன. அவற்றின் மேல் கொக்குகள் வெள்ளைத் துணி காய்வது போல உட்கார்ந்திருந்தன.

"இன்னாடி, இன்னும் கோயி முட்டதான் ஒடைச்சிக்கினு கீறியா?" என்று கேட்டாள் அம்முலு.

"ஒடைச்சிக்கினுதான் கீறேன்."

"ஆம்லெட்டாவது போடுவீங்களா?"

"எங்க மேடம் அடிப்பாங்க" என்று சிரித்தாள் ஜெனிஃபர். பிறகு, எதிரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத நீ ஒரு தபா பாக்கணும்க்கா. நரம்பு மொளைச்சு வரும்போது அதோட நுனி கீதே, நத்தையோட கொம்பு மாரி. தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு போகும். போற வழில இருக்கற செல்லுங்க புரோட்டீன் வெச்சிக்கினு நிக்கும். ஒண்ணு வான்னு கூப்புடும். ஒண்ணு இந்தப் பக்கம் வராதன்னு தள்ளும். அதக் கேட்டுக்கினுதான் முதுகுல கெளம்புன நரம்பு, நடுவுல எங்கயும் தொலையாம வெரலு நுனிக்குப் போய்ச் சேருது."

"எனக்கும் அப்டிதான் போச்சா?"

"அம்மா வயித்துல இருக்கறப்ப. உனக்கும் எனக்கும் மாமாவுக்கும்."

"இந்த ஆளுக்கு வாய்க்குப் போற நரம்பு நடுவுல எங்கயோ தொலைஞ்சி போச்சி" என்றாள் அம்முலு.

நான் கேட்டேன்: "நரம்பு போய்ச் சேந்தப்பறம் அந்தப் புரோட்டீனுக்கு வேலை இல்லையே?"

"அப்டிதான் மொதல்ல நெனச்சாங்க மாமா. அப்பறம் பாத்தா, ரத்தத்துல ரோந்து சுத்துற செல்லுங்க கீதே, கிருமி வந்தா அடிக்கிறது, அதுங்களுக்கும் அதே புரோட்டீனுங்க கட்டள போடுது. சிலது அதுங்கள அங்க போவாதன்னு நிறுத்தும். சிலது உசுப்பி வுடும். சிலது, உள்ள பூந்ததுங்கள வெளிய வுடாம அங்கயே புடிச்சி வெச்சிக்கும். எங்கயாவது நரம்பு அறுந்து போச்சின்னா ரோந்து செல்லுங்களே ஓடி வந்து அந்தப் புரோட்டீனக் குடுத்து, நரம்பு திரும்பி வளர வழி காட்டுறதும் உண்டு."

அம்முலு நடப்பதை நிறுத்தினாள். "அப்ப நரம்புக்கும் போலீசுக்கும் ஒரே கைகாட்டியா?"

"ஒரே கைகாட்டிதான். படிக்கிற ஆளுதான் வேற."

அம்முலுவின் முகம் மலர்ந்தது. இதற்காகவே காத்திருந்ததைப் போல, சேலை முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். "அப்ப இத பாரு. என் கைல நரம்பு மொளைச்சி வருதுடி. அறுப்பின் பண்டிகல சாட்சி சொல்லப் போறேன். நீ வரணும்."

ஜெனிஃபர் கையைப் பார்த்தாள். சிவந்த தடிப்பைப் பார்த்தாள். முழங்கையைத் தொடப் போய், அம்முலு இழுத்துக்கொண்டதும் அப்படியே நின்றாள். "எத்தினி நாளா?" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

"பனி ஆரம்பிச்சதுலேர்ந்து."

ஜெனிஃபர் பையிலிருந்து அன்று வந்த டவுன் பஸ்ஸின் இலவச டிக்கெட்டை எடுத்தாள். "இடது கைல மோதர வெரலுக்கும் சுண்டு வெரலுக்கும் நடுவுல இத புடி. வெரல மடக்காம. நான் இழுப்பேன், வுடாத."

அம்முலு பிடித்தாள். ஜெனிஃபர் இழுத்தாள். டிக்கெட் கிழிந்தது.

இன்னொரு டிக்கெட்டை வலது கையில் வைத்தாள். இழுத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. எடுத்தாள், அவ்வளவுதான். அது தானாகவே வந்துவிட்டது.

"மறுபடி வையி" என்றாள் அம்முலு. மறுபடி வந்துவிட்டது. "காத்து அடிக்குது" என்றாள். காற்றே இல்லை.

"அக்கா, நான் டாக்டர் இல்ல. இந்த வியாதில நான் சொன்ன புரோட்டீனுங்க இன்னா பண்ணுதுன்னும் எனக்குத் தெரியாது. ஆனா இது தெரியும். மாத்திர கிருமிய சாவடிக்குது. செத்த கிருமி உன் நரம்புக்குள்ள கெடக்குது. இத்தினி நாளு தூங்கிக்கினு இருந்த ரோந்துக்காரங்க இப்ப முழிச்சிக்கினு, அத தேடி நரம்புக்குள்ளயே பூந்துட்டாங்க. வலிக்கறது நரம்பு மொளைக்கறதுனால இல்லக்கா. உள்ள கூட்டம் நெருக்குது."

"நெருக்குனா?"

"நசுங்கிடும். வெரலு மடங்கி நின்னுடும். சீக்கிரம் போனா வேற மாத்திர குடுத்து அந்தக் கூட்டத்த அடக்குவாங்க. லேட்டா போனா அடங்கும், ஆனா வெரலு வராது."

அம்முலு முந்தானையால் கையை மூடினாள். "உள்ள வந்தவங்க யாரு? என் ஆளுங்கதான?"

"உன் ஆளுங்கதான்."

"என்னக் காப்பாத்த வந்தவங்கதான?"

"காப்பாத்ததான் வந்தாங்க."

"அப்பறம் இன்னாடி? நீ வர்ற வரைக்கும் நல்லாதான் இருந்தேன். கேசரி குடுத்தேன் தெருவுக்கே. இப்ப வந்து என் சாட்சியத் தூக்கி ஏரில போடுற. முட்ட ஒடைக்கிறவ முட்டைய ஒடை, என் வேண்டுதல ஒடைக்காத."

அவள் வேகமாக முன்னால் நடந்து போனாள். ஜெனிஃபர் அழுதுகொண்டு கரைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரிடம் போவது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். ஒரு கொக்கு எழுந்து, நீரின் மேல் தன் நிழலைத் தொடாமல் பறந்து, வேறொரு மரத்தில் இறங்கியது. எனக்கு நன்றாக நினைவிருப்பதாகத் தோன்றுவது அந்தக் கொக்குதான். அது வேறு ஏதாவது ஒரு நாளில் பறந்ததாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் அம்முலு வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒரு காலண்டர் தாளைக் கிழித்து இடது கையில் வைத்து இழுத்தாள். பிறகு வலது கையில் வைத்து இழுத்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தெருவில் ஸ்டார் விளக்குகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ இன்னாய்யா சொல்ற?" என்றாள். "இன்னைக்காவது வாயத் தொற."

"இது நல்ல வலியா கெட்ட வலியான்னு எனக்குத் தெரியாதும்மே. தெரிஞ்சவங்க வண்டில போற தூரத்துலதான் கீறாங்க."

"அப்ப குடுத்த வார்த்த?"

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள். "கை போனப்பறம், கை வந்துச்சுன்னு சாட்சி சொன்னா அது பொய்யி" என்று தனக்குத்தானே சொன்னாள். கொஞ்சம் கழித்து, "சொல்லாம போனா அதுவும் பொய்யி" என்றாள். பிறகு எழுந்து உலை வைக்கப் போனாள்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை. போதகர் ஞானதாஸ் அந்த வாரம் பிறந்தநாள் காண்கிற பிள்ளைகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்முலு எழுந்தாள்.

"பாஸ்டர், ஒரு சாட்சி."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சாட்சி பண்டிகைலதானம்மா?"

"பண்டிக வரைக்கும் கை தாங்காது பாஸ்டர்."

யாரோ சிரித்தார்கள். அவள் முந்தானையை எடுத்துவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தாள். "எனக்குக் குஷ்டம்" என்றாள். ஆஸ்பத்திரிச் சொல்லைச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் புழங்காத அந்தப் பழைய சொல்லையே சொன்னாள். "மாத்திர துன்றேன். யாருக்கும் ஒட்டாது. கை சரியாயிட்ச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சரியாவல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். சரியானப்பறம்தான் சொல்லணும்னு நீங்கள்லாம் சொல்வீங்க. எனக்கு இன்னும் கெடைக்கல. கெடைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஸ்தோத்திரம் என்று யாரும் திருப்பிச் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நான் மௌனத்தை விரும்புகிறவன், ஆனால் அந்த மௌனம் தாங்க முடியாததாக இருந்தது. நான்தான் ஸ்தோத்திரம் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. போதகர், "உக்காரும்மா" என்றார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். எந்த இடத்தில் விட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே வாசித்த பிள்ளையின் பெயரையே மறுபடியும் வாசித்தார்.

வெளியே வந்ததும் எங்களைச் சுற்றிக் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ஜெனிஃபர் அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயம்மாள் மட்டும் நேராக வந்தாள்.

"அதுக்காடி கேசரி? வியாதிக்கு நெய்யி ஊத்திக் கேசரி போட்ட மொத ஆளு நீதாண்டி."

"துன்னல்ல? வாயத் தொடச்சிக்கினு போவியா."

"நாளைக்கு யாரு வண்டில போற? இந்த ஊமையன் வண்டிலயா? வழில உழுந்தாகூட சொல்லமாட்டான். நானும் வரேன், பஸ்லயே போலாம்."

மறுநாள் அம்முலுவும் ஜெனிஃபரும் ஜெயம்மாளும் பஸ்ஸில் போனார்கள். நான் வண்டியில் பின்னாலேயே போனேன். டாக்டர் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே புது மாத்திரை ஆரம்பித்தார். பழைய மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்றார். கையை அசையாமல் வைக்க ஒரு அட்டை கட்டிவிட்டார். முன்னாடியே வந்திருக்கலாம் என்றார், இப்போதாவது வந்தீர்கள் என்றும் சொன்னார்.

அம்முலு எல்லா மாத்திரைகளையும் தின்று முடித்தாள். வியாதி போய்விட்டது. மோதிர விரலுக்குப் பலம் திரும்பியது. சுண்டு விரல் பாதிக்குமேல் நிமிராது. அவள் இப்போதும் நடவுக்குப் போகிறாள். ராணியம்மாள் அந்தப் பட்டத்தில் அவளைக் கூப்பிடவில்லை, அடுத்த பட்டத்திலிருந்து கூப்பிடுகிறார். எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் இன்னும் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. ஜெயம்மாள் குடிக்கிறாள். போதகர் ஞானதாஸ் மாற்றலாகி மதுராந்தகம் பக்கம் போய்விட்டார். கல்பனா அதே துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறார். ஜெனிஃபர் ஆராய்ச்சியை முடித்து, பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் அதே கம்பெனியில், அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்.